உண்டியலுக்கு மூணு சாவி, இணையத்தளத்துக்கு ஒரே ஒரு தம்பியா?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு ஓடுற அவசரத்துல படிக்காதீங்க, ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து படிங்க. கோபம் வந்தா என்மேல படுங்க, பரவாயில்ல. ஆனா முழுசா படிச்சிட்டு அப்புறம் கோபப்படுங்க.

போன வாரம் நம்ம புலனக் குழுவுல வந்த அறிவிப்பைப் பார்த்திருப்பீங்க. ஆலயத்துக்குப் புது இணையத்தளம் தயாராகுது, தைப்பூசத்துக்கு முன்னாடியே திறப்பு விழா. அர்ச்சனை, உபயம், அன்னதானக் காணிக்கை எல்லாத்தையும் இனி வீட்டுல இருந்தே பதிவு செய்யலாம். ஒரு தொண்டூழியத் தம்பி இலவசமாகவே நிறுவிக் கொடுக்கிறார், ஆலயத்துக்கு ஒரு காசு செலவில்லை. கீழே வரிசையா கைகூப்புற படங்கள். சந்தோஷமான செய்திதான்.

அடுத்த செயலவைக் கூட்டத்துல நான் நாலு கேள்வி கேட்டேன். தளத்தின் பெயர் யார் பேர்ல பதிவாகியிருக்கு? நிர்வாகக் கடவுச்சொல் யார்கிட்ட இருக்கு? மென்பொருளை யார் தொடர்ந்து புதுப்பிப்பாங்க? நகல் எடுத்து எங்கே வைக்கிறோம்? நாலுக்கும் பதில் இல்ல. கிடைச்சது ஒரு சிரிப்பும் ஒரு வாக்கியமும்தான். "கோயில் வெப்சைட்ட போயி யாரு லா ஹேக் பண்ணப் போறா?"

அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

"யாரு" என்று கேட்கிறதே தப்பு. நம்ம கோயிலைக் குறிவைச்சு எந்த எதிரியும் உட்கார்ந்திருக்கல. பட்டணத்துல மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஆ லோங் விளம்பரம் ஒட்டியிருக்கே, ஒட்டினவன் இது கோயில் சுவரா, பள்ளிக்கூடச் சுவரா, சீனக் காப்பிக்கடைச் சுவரா என்று பார்த்தா ஒட்டினான்? காலியா இருந்தது, ஒட்டிட்டுப் போனான். இணையத்திலும் அப்படித்தான். மனுஷன் கூட இல்ல, தானாக ஓடுற ஒரு நிரல். ராத்திரி பகலா ஒவ்வொரு முகவரியா போய்க் கதவைத் தள்ளிப் பார்க்கும். திறந்தா உள்ளே போகும், திறக்கலன்னா அடுத்த வீடு. உலகத்துல இருக்கிற இணையத்தளங்கள்ல ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வேர்ட்பிரஸ் என்கிற ஒரே மென்பொருள்லதான் ஓடுது. ஒரு பூட்டைத் திறக்கக் கத்துக்கிட்டவனுக்கு அத்தனை வீட்டுலயும் வேலை இருக்கு. கோயில் பூனை தேவருக்கு அஞ்சாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. இது பூனை கூட இல்லையே, அஞ்சுறதுக்கு!

போன வருஷம் நடந்தது அதுக்குள்ள மறந்து போச்சா? புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து ஓர் அக்கா அலுவலகத்துக்கு அழைச்சாங்க. பூஜை நேரம் பார்க்கக் கூகுளில் நம்ம ஆலயத்தின் பேரைத் தட்டியிருக்காங்க. ஆலயத்தின் பேருக்குக் கீழேயே மலாயில் சூதாட்ட விளம்பரம். ஸ்லோட், போனஸ், ஜாக்போட். அம்பாள் பேரு மேல, அது கீழ. அலுவலகத்துல இருந்தவர் கணினியில் முகவரியை நேராத் தட்டிப் பார்த்தார். தளம் ஒழுங்கா வந்தது. "எங்களுக்கு நல்லாத்தானே வருது, உங்க கைப்பேசியிலதான் வைரஸ்"னு சொல்லி வச்சிட்டார். அந்த அக்கா பாவம், மகனைத் திட்டி கைப்பேசியைக் கடைக்கு அனுப்பியிருக்காங்க.

இதுல வைரஸ் கைப்பேசியில இல்ல, நம்ம தளத்துலதான். அந்தத் தந்திரத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்குங்க, நாளைக்கு உங்க கடைத் தளத்துக்கும் உதவும். உள்ளே புகுந்த நிரல் வர்றவன் யாருன்னு பார்க்கும். கூகுளின் தேடல் நிரல் வந்தா சூதாட்டப் பக்கத்தைக் காட்டும். கூகுள் வழியா கைப்பேசியில வந்தாலும் அதையே காட்டும். நேரா முகவரியைத் தட்டி வந்தா, அதாவது தலைவர், செயலாளர் வர்ற மாதிரி வந்தா, பழைய பக்கத்தையே காட்டும். வீட்டுக்காரன் கண்ணுக்கு மட்டும் வீடு சுத்தமா தெரியும். திருடனுக்குத் தேவை நம்ம பணம் கூட இல்ல, கூகுளில் நம்ம பேருக்கு இருக்கிற மதிப்பு. பல வருஷமா இருக்கிற ஒரு கோயில் தளத்துல இருந்து ஓர் இணைப்பு போனா அந்தச் சூதாட்டத் தளம் தேடல்ல மேல ஏறும். நம்ம அப்பன் பாட்டன் சேர்த்து வச்ச நல்ல பேரை அவன் சில்லறையா மாத்திக்கிறான்.

விஷயம் தெரிஞ்ச பிறகு என்ன நடந்தது? சரிசெய்ய உள்ளே போக முடியல. முதல்ல நிறுவிக் கொடுத்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டார், கைப்பேசி எண் மாறிப் போச்சு. தளத்தின் பெயர் அவர் சொந்த மின்னஞ்சல்ல பதிவாகியிருந்தது. கடவுச்சொல் அலுவலகத்துல ஒரு நாட்காட்டியின் பின்பக்கத்துல எழுதியிருந்ததாம், அந்த வருஷம் முடிஞ்சதும் நாட்காட்டியைக் குப்பையில போட்டுட்டாங்க! கடைசியில அந்தத் தளத்தையே மூடினோம். இப்போ அதே மாதிரி இன்னொண்ணு திறக்கப் போறோம். அதுவும் இந்தத் தடவை பக்தர்கள் பேரு, நட்சத்திரம், கைப்பேசி எண், பணம் எல்லாத்தையும் உள்ளே வச்சு.

இப்போ கையால நிறுவுறதுன்னா என்னன்னு சொல்றேன். நான் பெரிய நிபுணன் இல்ல. பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலையில கணினிப் பிரிவுல 20 வருஷமா குப்பை கொட்டுறவன். அவ்வளவுதான்.

வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு மே மாசம் வெளிவந்தது. இலவசம். அஞ்சே நிமிஷத்துல நிறுவலாம்னு அவங்களே பெருமையா சொல்வாங்க, அது உண்மையும் கூட. மென்பொருளை இறக்கணும், ஹோஸ்டிங் இடத்துக்கு ஏத்தணும், ஒரு டேட்டாபேஸ் உருவாக்கணும், அதன் பேரையும் கடவுச்சொல்லையும் ஒரு கோப்புல எழுதணும், உலாவியில முகவரியைத் தட்டி நிர்வாகியின் பேரைக் கொடுக்கணும். முடிஞ்சது. பக்கம் வந்துடும். எல்லாரும் கை தட்டுவாங்க. பிரச்சினை என்னன்னா, ஒவ்வொரு படியிலயும் ஒரு கதவு இருக்கு. பக்கம் வந்துட்டதுங்கிறது கதவு பூட்டியாச்சுன்னு அர்த்தமில்ல. கதவு திறந்திருந்தாலும் பக்கம் அதே மாதிரிதான் வரும்.

முதல் படியையே எடுத்துக்குவோம், இறக்குறது. எங்கே இருந்து இறக்குறோம்? 2007-ல் வேர்ட்பிரஸின் சொந்தத் தளத்துக்குள்ளேயே ஒருத்தன் புகுந்து, 2.1.1 பதிப்புக்குள்ள பின்வாசல் ஒண்ணை வச்சுட்டான். அந்தச் சில நாள்ல இறக்கினவங்க எல்லாம் ஒழுங்கான இடத்துல இருந்து, ஒழுங்கான பொருளைத்தான் இறக்கினதா நினைச்சாங்க. உடனே 2.1.2 வெளியிட்டு, பழையதை முழுசா தூக்கிப் போடச் சொன்னாங்க. தாய் வீட்டுலயே இப்படி நடக்குமுன்னா, காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை ஓசியில தர்ற எவனோ ஒருத்தன் தளத்துல இருந்து இறக்குறதை என்ன சொல்றது? அப்படி ஓசியில கிடைக்கிற தீம், செருகுநிரல் வழியாவே பரவின டபிள்யூபி-விசிடி என்கிற நச்சுநிரல் வருஷக்கணக்கா ஆட்டம் போட்டது. நம்ம பழைய தளத்துல போட்டிருந்ததும் ஓசித் தீம்தான். கோபுரம், மணி, தாமரை எல்லாம் வச்சு அழகாத்தான் இருந்தது. 60 வெள்ளி மிச்சம் பிடிச்சோம்னு அப்போ ஒருத்தர் பெருமைப்பட்டார்.

அடுத்தது, யாரும் யோசிக்காத இடம். கோப்புகளை ஏத்தியாச்சு, ஆனா நிறுவலை இன்னும் முடிக்கல. "தம்பி, வா டீ குடிச்சிட்டு வந்து செய்யலாம்." அந்த நேரத்துல நிறுவல் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கு. முதல்ல வந்து பேரைக் கொடுக்கிறவன்தான் நிர்வாகி. அவன் தன்னுடைய டேட்டாபேஸ் முகவரியைக் கொடுத்து நிறுவலை முடிச்சு, உள்ளே ஒரு பின்வாசல் கோப்பைப் போட்டுட்டுப் போயிடலாம். 2017 நடுவுல இப்படிப் பாதியில நிக்கிற தளங்களைத் தேடித் தேடிப் பிடிக்கிற வேலை பெரிய அளவுல நடந்ததை வேர்ட்ஃபென்ஸ் என்கிற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. 2022-ல் இன்னும் மோசம். ஒரு தளத்துக்குப் பூட்டுச் சின்னம் வரணும்னா சான்றிதழ் வாங்கணும் இல்லையா, அப்படி வாங்குற ஒவ்வொரு சான்றிதழும் ஒரு பொதுப் பதிவேட்டுல ஏறும். ஏமாத்துறவனைக் கண்டுபிடிக்க வச்ச நல்ல ஏற்பாடு அது. அதையே ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருந்து, புதுச் சான்றிதழ் ஏறின உடனே அந்த முகவரிக்கு ஓடி, வீட்டுக்காரன் நிறுவலை முடிக்கிறதுக்கு முன்னாடி இவன் முடிச்சிடுறான். நிமிஷக் கணக்குல. டீ ஆறுறதுக்குள்ள.

ஹோஸ்டிங் நிறுவனங்கள் பொத்தானை அமுக்கினா தானே நிறுவிக் கொடுக்கிற வசதி வச்சிருக்காங்க. அதுல இந்த இடைவெளி அநேகமா இருக்காது. கையால நிறுவுறவங்க முதல்ல அந்தக் கோப்புறைக்குக் கடவுச்சொல் பூட்டுப் போட்டுட்டு, இல்லன்னா தன் இணைய முகவரிக்கு மட்டும் திறந்து வச்சுட்டு, அப்புறம்தான் ஏத்தணும். ரெண்டு நிமிஷ வேலை.

ஏத்துறதுலயும் ஒண்ணு இருக்கு. பழைய எஃப்டிபி முறையில ஏத்தினா கடவுச்சொல் மறைக்காம அப்படியே கம்பியில போகும். லிட்டில் இந்தியாவுல ஏதாவது கடையின் இலவச வைஃபையில உட்கார்ந்து ஏத்தினா, பக்கத்து மேசையில இருக்கிறவன் வேணும்னா அதைப் பிடிச்சுக்கலாம். எஸ்எஃப்டிபி பயன்படுத்தணும். இதுக்குக் காசு கிடையாது. ஒரு எழுத்துதான் அதிகம்.

அப்புறம் அந்த அமைப்புக் கோப்பு. டபிள்யூபி-கான்ஃபிக். டேட்டாபேஸின் கடவுச்சொல் அதுல சாதாரண எழுத்துல, பூட்டு இல்லாம இருக்கும். அது பிஎச்பி கோப்பா இருக்கிறவரைக்கும் வெளியே இருந்து கேட்டா சேவையகம் அதை இயக்குமே தவிர எழுத்தைக் காட்டாது. ஆனா நம்மாளு ஒரு நல்ல பழக்கமா, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து, பேருக்குப் பின்னாடி "பழசு"ன்னோ "பேக்"னோ ஒட்டி அங்கேயே வச்சுடுவார். இப்போ அது பிஎச்பி இல்ல, வெறும் எழுத்துக் கோப்பு. கேட்கிறவனுக்கு எல்லாம் சேவையகம் தாராளமா எடுத்துக் கொடுக்கும். நிரல்கள் முதல்ல தேடுறதே இந்த மாதிரி பேருகளைத்தான். முழுத் தளத்தையும் டேட்டாபேஸையும் ஜிப் பண்ணி அதே பொதுக் கோப்புறையில விட்டு வைக்கிறவங்களும் இருக்காங்க. பெட்டகத்தைப் பூட்டி, மாத்துச் சாவியைக் கோயில் வாசப்படியில வச்சுட்டுப் போற கதை.

777 பத்தியும் சொல்லிடுறேன். படம் ஏறலைன்னு யாராவது இணையத்துல கேட்டா, எவனோ ஒரு புண்ணியவான் "777 போடு"ன்னு பதில் எழுதியிருப்பான். மூணு இலக்கம், ஒண்ணு சொந்தக்காரனுக்கு, ஒண்ணு அவன் கூட்டத்துக்கு, ஒண்ணு மத்த எல்லாருக்கும். ஏழுன்னா படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். 777ன்னா அந்தச் சேவையகத்துல இருக்கிற யார் வேணும்னாலும் நம்ம கோப்புறையில எது வேணும்னாலும் எழுதிக்கலாம். ஹோஸ்டிங்ல ஒரே சேவையகத்தை எத்தனையோ பேர் பங்கு போட்டுக்கிட்டு இருக்காங்க, அது ஞாபகம் இருக்கட்டும். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும், அந்த அமைப்புக் கோப்புக்கு இன்னும் இறுக்கமா. இதுக்கு மேல எண்களைச் சொல்லி உங்களைச் சோதிக்கல.

நான் அதிகமா சண்டை போடுறது நிறுவுறதுக்கு இல்ல, அதுக்கு அப்புறம் வர்ற நாளுக்கு. நமக்குக் கும்பாபிஷேகம் தெரியும். 12 வருஷத்துக்கு ஒரு தடவை செய்யறோம். அன்னைக்கு எவ்வளவு கூட்டம், எவ்வளவு படம், எத்தனை டத்தோமார்கள். மறுநாள்? மறுநாள் மண்டலாபிஷேகம் தொடங்கும், 48 நாள். அப்புறம் தினமும் காலையில நடை திறந்து விளக்கேத்த ஒருத்தர் வரணும். கும்பாபிஷேகம் முடிஞ்சதும் குருக்களை அனுப்பிட்டுக் கோயிலைத் திறந்து போட்டுட்டுப் போனோம்னு யாராவது சொன்னா அடிக்க வருவீங்க. இணையத்தளத்துக்கு மட்டும் அதைத்தான் செய்யறோம். திறப்பு விழா உண்டு, தினப்பூஜை கிடையாது.

தினப்பூஜை இல்லாட்டி என்ன ஆகும்? 2014 அக்டோபர் 15ஆம் தேதி ட்ரூப்பல் என்கிற இன்னொரு மென்பொருள்ல பெரிய ஓட்டை ஒண்ணு அறிவிச்சு, அதை அடைக்கிற பதிப்பையும் அன்னைக்கே கொடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே ஓர் எச்சரிக்கை விட்டாங்க: அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள்ள புதுப்பிக்காத ஒவ்வொரு தளத்துக்குள்ளும் ஆள் புகுந்துட்டதாவே வச்சுக்குங்க. நம்ம பினாங்கு நேரப்படி கணக்குப் போடுங்க. நள்ளிரவு வாக்குல அறிவிப்பு, காலை 7 மணிக்குக் கெடு. நம்ம நடை திறந்து முதல் தீபாராதனை காட்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்த ஏழு மணி நேரமும் இங்கே எல்லாரும் தூங்கிக்கிட்டு இருந்தோம்.

வேர்ட்பிரஸுக்கும் அப்படி ஒண்ணு வந்தது. 2017 ஜனவரி 26ஆம் தேதி 4.7.2 பதிப்பு வந்தது. அதுல ஒரு பெரிய ஓட்டையைச் சத்தமில்லாம அடைச்சிருந்தாங்க. கடவுச்சொல்லே இல்லாம யார் வேணும்னாலும் பக்கத்தை மாத்தி எழுதலாம்கிற அளவுக்கு ஓட்டை. பிப்ரவரி 1ஆம் தேதிதான் வெளியே சொன்னாங்க. நடுவுல அந்த ஆறு நாள் எதுக்குன்னா, தானே புதுப்பிச்சுக்கிற தளங்கள் எல்லாம் புதுப்பிச்சு முடிக்கட்டும்னுதான். சின்னப் புதுப்பிப்புகளைத் தானே போட்டுக்கிற வசதி 2013லயே வந்துடுச்சு. அதை அப்படியே விட்டு வச்சவங்க தப்பிச்சாங்க. "அப்டேட் பண்ணா டிசைன் உடையுது"ன்னு அணைச்சு வச்சவங்க தளங்கள்ல அடுத்த சில நாள்ல லட்சக்கணக்கான பக்கங்கள்ல கண்டவன் பேரை எழுதிட்டுப் போனாங்க. கையால நிறுவினதுல இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்புகளின் சொந்தக்காரர் ஒருத்தர், சேவையகம் ஓடுறது இன்னொருத்தர் பேர்லன்னா தானியங்கிப் புதுப்பிப்பு ஓடவே ஓடாது. யாரும் அணைக்க வேண்டாம், அதுவே படுத்துடும். நிறுவினவர் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

கோயில்னா பாவம் பார்ப்பாங்கன்னு இன்னும் நினைக்கிறீங்களா? அதே 2017 மே மாசம் வான்னாக்ரை உலகத்தை ஆட்டினப்போ திருமலை தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலதும் மாட்டிக்கிச்சு. ஏழுமலையான் வீட்டுக் கணினி! அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே மருந்து கொடுத்துட்டது. பழைய விண்டோஸ், போடாத மருந்து. அவ்வளவுதான் காரணம்.

இப்போ பணத்துக்கு வர்றேன். புதுத் தளத்துல டூயிட்நவ் கியூஆர் படத்தை முதல் பக்கத்துலயே வைக்கப் போறாங்களாம். 2023 ஏப்ரல்ல, நோன்பு மாசத்துல, ஜகார்த்தாவுல ஒருத்தன் பள்ளிவாசல் பள்ளிவாசலா போய் உண்டியல் மேல தன் கணக்கின் கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிட்டு வந்தான். இஸ்திக்லால் பள்ளிவாசலையும் விடல. அவன் நடந்து போகணும், ஒட்டணும், கேமராவுல மாட்டணும். மாட்டினான். நம்ம தளத்துக்குள்ள புகுந்தவனுக்கு அந்தக் கஷ்டமே இல்ல. ஒரு படத்தை எடுத்துட்டு இன்னொரு படத்தை வைக்கணும். கியூஆரைக் கண்ணால பார்த்து எது அம்பாள் கணக்கு, எது அடுத்தவன் கணக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? செலுத்தறதுக்கு முன்னாடி வர்ற பேரைப் படிக்கிறவங்க எத்தனை பேரு? தைப்பூச நாள்ல, காவடி கிளம்புற சத்தத்துல, யாரு படிப்பா? பணம் போனா 997-க்கு உடனே அழைக்கணும், அது வேற. ஆனா 10 வெள்ளி போட்ட பாட்டி அழைக்க மாட்டாங்க. சாமிக்குப் போச்சுன்னே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. எனக்குத் தூக்கம் கெட்டது இதை நினைச்சுத்தான்.

நம்ம உண்டியலை எப்படித் திறக்கிறோம்? மூணு பூட்டு. தலைவர் ஒரு சாவி, செயலாளர் ஒண்ணு, பொருளாளர் ஒண்ணு. மூணு பேரும் இல்லாம திறக்க முடியாது. பக்தர்கள் முன்னிலையில எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் வங்கிக்குப் போகுது. பொருளாளர் மேல சந்தேகமா நமக்கு? இல்லவே இல்ல. நல்லவருக்கும் அதுதான் பாதுகாப்பு. நாளைக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லக்கூடாதுன்னுதான் அந்த முறை. அதே உண்டியல் இணையத்துக்குப் போனதும் ஒரே ஒரு பையன் கையில, அவன் சொந்த மின்னஞ்சல்ல, சாட்சி இல்லாம!

அந்தத் தம்பியைப் பத்தி யாரும் தப்பாப் பேசக்கூடாது. அதுக்காகவே இதை எழுதறேன். இன்னும் படிப்பு முடிக்கல, பகல்ல வகுப்பு, ராத்திரி நம்ம தளம். ஒரு நன்றி தவிர எதுவும் வாங்கல. அவர்கிட்ட நான் பேசினேன். மேல சொன்ன பாதியை அவருக்கே தெரியும், செய்யவும் ஆசை. "அண்ணே, தைப்பூசத்துக்குள்ள முடிச்சாகணும்னு சொல்றாங்க, ஹோஸ்டிங்கும் மலிவா பார்க்கச் சொன்னாங்க"ன்னார். அவசரமும் கஞ்சத்தனமும் நம்மளுது. நாளைக்கு ஏதாவது நடந்தா பழி மட்டும் அவருக்கு. போன தடவை சிங்கப்பூருக்குப் போனவரை இன்னைக்கும் அலுவலகத்துல திட்டுறாங்க. அவர்கிட்ட இருந்து சாவியை வாங்கி வைக்காதது யாருன்னு ஒருத்தரும் கேட்கல.

"காசில்லையே"ம்பாங்க. திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, பொன்னாடை எல்லாத்துக்கும் ஒதுக்கின தொகையை நான் இங்கே எழுதல. அதுல ஒரு பொன்னாடைக் கணக்கைக் குறைச்சாலே ஒழுங்கான ஹோஸ்டிங் வந்துடும்.

"அப்போ இணையத்தளமே வேணாமா? முகநூல் பக்கம் போதுமா?"ன்னும் கேட்டாங்க. நான் அப்படிச் சொல்லல. ஆனா ஒரு கேள்வி. பூஜை நேரம், திருவிழா நாள்காட்டி, முகவரி, தொலைபேசி எண், நாலு படம். பக்தருக்கு வேண்டியது இவ்வளவுதானே? இதுக்கு டேட்டாபேஸே தேவையில்ல. மாறாத நாலு பக்கத்தை எழுதி வச்சா அதுல கடவுச்சொல் கிடையாது, செருகுநிரல் கிடையாது, உள்ளே நுழையுற நிர்வாகக் கதவே கிடையாது. ஹோஸ்டிங் கணக்கின் சாவியை மட்டும் பத்திரமா வச்சாப் போதும். பராமரிக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டுமே, என்ன கௌரவக் குறைச்சல்? இல்லன்னா மாசக் கட்டணம் கட்டி, புதுப்பிக்கிற வேலையை அவங்களே பார்த்துக்கிற சேவைக்குப் போகலாம். கையாலதான் நிறுவுவோம்னா தாராளமா நிறுவலாம். உலகத்துல எத்தனையோ பேர் அப்படி நிறுவி நல்லா நடத்துறாங்க. நடத்துறாங்க, கவனிங்க.

அர்ச்சனைப் பதிவையும் கொஞ்சம் யோசிங்க. பேரு, நட்சத்திரம், பிள்ளைங்க பேரு, கைப்பேசி எண், சிலர் நோயின் பேரைக் கூட வேண்டுதல்ல எழுதுவாங்க. 2017-ல் நம்ம நாட்டுல 4 கோடியே 60 லட்சத்துக்கு மேல கைப்பேசிப் பதிவுகள் வெளியே கசிஞ்சது, அதுக்கு அப்புறம் எத்தனை மோசடி அழைப்பு வருதுன்னு உங்களுக்கே தெரியும். தனிநபர் தரவுச் சட்டத்தையும் திருத்தி, தரவு கசிஞ்சா தெரிவிக்கணும்கிற கடமையை 2025 ஜூன் 1ல் இருந்து கொண்டுவந்துட்டாங்க. அந்தச் சட்டம் வணிகத்துக்குத்தான், காணிக்கை வணிகமா இல்லையான்னு வழக்கறிஞர்கள் வாதாடட்டும். சட்டம் கேட்காட்டியும், புற்றுநோய்க்கு அர்ச்சனை வச்ச அம்மாவின் பேரு வெளியே போனா அவங்க முகத்தை நாம எப்படிப் பார்க்கிறது?

ஆண்டுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போறேன். தளத்தின் பெயர் ஆலயத்தின் பேர்ல, ஆலயத்தின் மின்னஞ்சல்ல பதிவாகணும். நிர்வாகச் சாவியை ரெண்டு பேர் வச்சுக்கணும், நுழையும்போது கைப்பேசிக்கு வர்ற இரண்டாவது எண்ணும் கேட்கணும், செயலவை மாறும்போது வங்கிக் கையெழுத்தை மாத்துற மாதிரி இதையும் மாத்தணும். நகல் வாரம் ஒரு தடவை, வேற இடத்துல. அதைத் திரும்ப ஏத்திப் பார்க்கிறது வருஷம் ஒரு தடவையாவது நடக்கணும், ஏத்திப் பார்க்காத நகலை நம்பிப் பிரயோஜனமில்ல. கியூஆர் படத்தைப் பொருளாளர் தினமும் தன் கைப்பேசியில கூகுள் வழியாப் போய் ஒரு தடவை சோதிக்கணும். இதெல்லாம் முடியிற வரைக்கும் காணிக்கையும் அர்ச்சனைப் பதிவும் தளத்துல திறக்கக்கூடாது. தைப்பூசம் போனாப் போகட்டும். இத்தனை வருஷம் நேர்ல வந்துதானே ரசீது வாங்கினோம்.

தீர்மானத்தை முன்மொழிய நான் இருக்கேன். வழிமொழியவும் ஆதரிக்கவும் உறுப்பினர்கள் கையெழுத்து வேணும், கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடி செயலாளர்கிட்ட கொடுத்தாகணும். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜைக்கு அப்புறம் அன்னதானக் கூடத்துல, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேசையில இருப்பேன். தம்பியும் வர்றேன்னு சொல்லியிருக்கார், கேட்க வேண்டியதை அவர்கிட்டயே கேட்கலாம். உறுப்பினர் எண்ணை மறக்காம எழுதிக்கிட்டு வாங்க.